பந்தயம் கூடையிலேயே தொடங்கிடுது: புறாக்களைப் பயணம் அனுப்பும் பாடம்



மாடு, ஆடு, நாட்டுக்கோழி பற்றிப் படிக்கிற இடத்தில் பந்தயப் புறா எங்கிருந்து வந்ததுன்னு கேட்பீங்க. காரணம் இருக்கு. இன்னைக்குக் கிராமத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் மாடியிலும் தொழுவத்து ஓரத்திலும் கூண்டு கட்டிப் புறா வளர்க்கிறாங்க. சிலர் கர்ணம் வளர்க்கிறாங்க, சிலர் ஹோமர் வளர்க்கிறாங்க. அதுகளுக்குப் போடுற கம்பும் சோளமும் பயறும் நம்ம களத்திலிருந்து போனதுதான். கூண்டில் வழிச்சு எடுக்கிற எச்சம் நல்லா மக்கினா அருமையான எரு.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு உயிரைக் கூடையில் அடைச்சு வண்டியில் ஏத்தும்போது அதுக்கு என்ன நடக்குதுன்னு புரிஞ்சுக்க, பந்தயப் புறாவைவிட நல்ல வாத்தியார் கிடையாது. கோழியைச் சந்தைக்குக் கொண்டுபோகும்போது வழியில் வாடினாலும் நமக்குத் தெரியறதில்ல. வித்துட்டு வந்துடுறோம். புறா விஷயத்தில் அப்படி மறைக்க முடியாது. பயணத்தில் கோளாறு நடந்தா அந்தப் புறா வீடு வந்து சேராது. சாயந்தரமே கணக்கு தெரிஞ்சுடும்.

பறக்கிறது ஆறு மணி நேரம், அடைஞ்சு கிடக்கிறது அதுக்கு இரண்டு மடங்கு

சென்னைப் பந்தயத்தை எடுத்துக்குவோம். சென்னைப் புறாக்காரர்கள் பெரும்பாலும் வடக்கே கொண்டுபோய்த்தான் விடுறாங்க. முதலில் நெல்லூர், பிறகு ஓங்கோல், விஜயவாடா, அதுக்கப்புறம் நாக்பூர், டெல்லின்னு தூரம் கூடிக்கிட்டே போகும். சென்னையிலிருந்து நேர்கோட்டில் அளந்தா நெல்லூர் சுமார் 150 கி.மீ., விஜயவாடா சுமார் 380 கி.மீ., நாக்பூர் சுமார் 900 கி.மீ., டெல்லி சுமார் 1750 கி.மீ.

காத்து சாதகமா இருந்தா நல்ல ஹோமர் மணிக்கு 60, 70 கி.மீ. வேகத்தில் பறக்கும். அப்படின்னா விஜயவாடாவிலிருந்து வீட்டுக்கு ஆறு மணி நேரம். அதே ஊருக்குப் போறதுக்கு எவ்வளவு நேரம் ஆகுது? சாயந்தரம் புறாவைப் பிடிச்சு, வளைய எண்ணைப் பதிஞ்சு, கூடையில் அடைச்சு, எல்லாக் கூடையும் லாரியில் ஏறி, இரவெல்லாம் ஓடி, விடியற்காலையில் இறங்கி, வெளிச்சம் வரக் காத்திருந்து... கூட்டிப் பாருங்க, பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. நாக்பூர், டெல்லின்னா நாள்கணக்கு.

ஆக, பறக்கிற நேரத்தைவிடக் கூடையில் இருக்கிற நேரம்தான் அதிகம். மாசக்கணக்கா நல்ல தீனி போட்டு, தினமும் பறக்கவிட்டுப் பழக்கி வளர்த்த உடம்பை ஒரே ராத்திரியில் கெடுத்துடலாம். பந்தயம் கூண்டைத் திறந்துவிடும்போது தொடங்குதுன்னு நினைக்கிறோம். உண்மையில் கூடையை மூடும்போதே தொடங்கிடுது.

இது விளையாட்டுக்கு மட்டும் பொருந்துற சேதி இல்ல. ஒடிசா காவல்துறை 1946-ல் ஒரு புறா அஞ்சல் பிரிவைத் தொடங்கியது. காவலர்கள் புறாக்களைக் கூடையில் எடுத்துக்கிட்டு, தந்தி, தொலைபேசி எட்டாத இடங்களுக்குப் போவாங்க. சேதியைப் புறாவின் காலில் கட்டி அங்கிருந்து பறக்கவிடுவாங்க. 1999 பெரும்புயலில் மற்றத் தகவல் தொடர்பெல்லாம் அறுந்து கிடந்தப்பவும் இந்தப் புறாக்கள் உதவியிருக்கு. கூடையில் சுமந்துபோனவர் தண்ணி காட்டாம விட்டிருந்தா அந்தச் சேதி வந்து சேர்ந்திருக்குமா?

புறாவுக்கு வேர்க்காது

பயணத்தில் முதல் எதிரி வெக்கை. பசி, தூரம் எல்லாம் அதுக்குப் பின்னாடிதான்.

புறாவின் உடம்புச் சூடு சாதாரணமாகவே 41, 42 டிகிரி செல்சியஸ். நமக்கு அது கடும் காய்ச்சல். பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. சூடு ஏறினா வாயைத் திறந்து மூச்சு வாங்கும், தொண்டைச் சதையைப் படபடன்னு அடிச்சுக்கும், தோல் வழியாகவும் கொஞ்சம் ஈரம் போகும். அதாவது, தன் உடம்புத் தண்ணியைச் செலவழிச்சுத்தான் புறா தன்னைக் குளிரவைக்க முடியும்.

அடுத்து, ஒவ்வொரு புறாவும் ஒரு சின்ன அடுப்பு. சும்மா உட்கார்ந்திருக்கிற புறாவின் உடம்பிலிருந்து ஏறக்குறைய 2 முதல் 3 வாட் வெப்பம் வந்துக்கிட்டே இருக்கும். இருபது புறா ஒரு கூடையில் இருந்தா, பழைய குண்டு பல்பு ஒன்னை உள்ளே எரியவிட்ட மாதிரி. நானூறு புறா ஏறின லாரியில் ஒரு இஸ்திரிப் பெட்டி இரவெல்லாம் எரியுது. அதோட நானூறு மூச்சின் ஈரமும் சேருது. காத்தில் ஈரம் கூடக் கூட, வாய் திறந்து மூச்சு வாங்கினாலும் உடம்பு குளிராது. ஈரத்துணி ஐப்பசி மழையில் காயாத கதைதான்.

காத்தோட்டம் இருந்தா இந்தச் சூடும் ஈரமும் வெளியே போயிடும். வண்டி ஓடும்போது காத்து தானா வருது. வண்டி நின்னா காத்தும் நின்னுடும். அதனால் புறாவுக்கு ஆபத்தான நேரம் வண்டி ஓடுற நேரம் இல்ல, டீக்கடை வாசலில் நிக்கிற நேரம். வெயிலில் நின்ன வண்டியில் அரை மணி நேரத்துக்குள்ளேயே புறாக்கள் கண் சொருக ஆரம்பிச்சிடும்.

கூடை எப்படி இருக்கணும்?

மூங்கிலோ, பிரம்போ, பலகையோ, பிளாஸ்டிக்கோ, எதுவாக இருந்தாலும் சில கணக்குகள் மாறாது.

உயரம்: புறா நிமிர்ந்து நிக்கணும், ஆனா ஒன்னு மேல ஒன்னு ஏறக் கூடாது. 9, 10 அங்குலம் போதும். ரொம்ப உயரமான பெட்டியில் ஒன்னை ஒன்னு மிதிச்சு இறகு ஒடியும்.

இடம்: நம்ம ஊர் வெயிலுக்குப் பகல் முடியறதுக்குள் போய்ச் சேருகிற பயணம்னா ஒரு சதுர அடிக்கு மூணு புறா. இரவு தங்குற பயணம்னா இரண்டு. மூணடிக்கு இரண்டடிக் கூடையில் 18 அல்லது 12 புறா. அளவு நாடா இல்லையா? எல்லாப் புறாவும் ஒரே நேரத்தில் உட்கார்ந்த பிறகும் இடையிடையே தரை தெரியுதான்னு பாருங்க. தெரியலைன்னா கூட்டம் அதிகம். ரொம்பக் காலியா விடுறதும் நல்லதில்ல. வண்டி குலுங்கும்போது உருண்டு விழும்.

காத்து: நாலு பக்கமும் இடைவெளி வேணும். மேலே மட்டும் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி கூடாது. ஒன்னு மேல ஒன்னு அடுக்கினா அந்த ஓட்டையும் அடைஞ்சிடும்.

தரை: அடிப்பக்கம் மூடியே இருக்கணும். இல்லன்னா மேல் கூடை எச்சம் கீழ்க் கூடைப் புறாவின் முதுகில் விழும். வழுக்காம இருக்கச் சாக்கு விரிச்சு, மேலே நறுக்கின வைக்கோல் போடுங்க. வைக்கோல் நல்லாக் காய்ஞ்சிருக்கணும். பூஞ்சணம் பிடிச்ச வைக்கோலின் தூள் மூச்சுப்பையில் போய் நோயாகும். மரத்தூளும் உமியும் தூசி பறக்கும், வேண்டாம்.

பிரிவு: ஆணையும் பெட்டையையும் தனித்தனிக் கூடையில் போடுங்க. ஒன்னாப் போட்டா இரவெல்லாம் கொஞ்சலும் சண்டையும்தான், தூக்கம் இருக்காது. ஆண் கூடையில் ரொம்ப முரட்டுப் புறா இருந்தா அதையும் தனியா வைங்க.

தண்ணி: பாடத்தில் பாதி இதுதான்

ஒரு புறா சாதாரண நாளில் 30 முதல் 60 மில்லி தண்ணி குடிக்கும். வெக்கை நாளில் இன்னும் கூடும். ஐம்பது புறாவுக்கு ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர்னு வச்சுக்கிட்டு, சிந்துறதுக்கும் வெயிலுக்கும் சேர்த்து ஐந்து லிட்டர் எடுத்துப் போங்க.

இங்கே கோழி வளர்க்கிறவங்க ஒன்னைக் கவனிக்கணும். கோழி அலகில் தண்ணியை அள்ளி, தலையைத் தூக்கி விழுங்கும். புறா அப்படி இல்ல. மாடு மாதிரி அலகை முக்கி, தலை தூக்காமலே உறிஞ்சிக் குடிக்கும். அதனால் தொட்டியில் ஒரு அங்குல ஆழமாவது தண்ணி இருக்கணும். தட்டில் மெல்லிசாப் பரவி நிக்கிற தண்ணி கோழிக்குப் போதும், புறாவுக்குப் பத்தாது.

தண்ணித் தொட்டியைக் கூடைக்கு வெளியே பக்கவாட்டில் மாட்டணும். கம்பி இடைவெளியில் தலை தாராளமா வெளியே வரணும். உள்ளே வச்சா எச்சம் விழுந்து கெடும், கவிழ்ந்து வைக்கோல் நனையும்.

இதைவிட முக்கியமானது: தொட்டி வச்சாலே புறா குடிச்சிடாது. கூடையே பார்த்திராத குஞ்சு, பயந்து மூலையில் ஒடுங்கி நிக்கும். பக்கத்தில் தண்ணி இருந்தாலும் தெரியாது. அதனால் பந்தயக் காலத்துக்கு முன்னாடியே இரண்டு மூணு ராத்திரி வீட்டுக் கூண்டுக்குள்ளேயே கூடையில் படுக்க வைங்க. வெளியே மாட்டின தொட்டியில் காலையில் தண்ணி ஊத்துங்க. ஏற்கெனவே பழகின பெரிய புறா ஒன்னையும் உள்ளே விட்டா, அது குடிக்கிறதைப் பார்த்துக் குஞ்சும் குடிக்கும்.

பயணத் தொட்டியில் வெறும் தண்ணிதான் ஊத்தணும். வெல்லம், பூண்டுச் சாறு, மஞ்சள், மருந்துப் பொடின்னு எது கலந்தாலும் வாசனை மாறும். பழகாத வாசனைன்னா புறா குடிக்காது.

தாகத்தோட பறக்கிற புறாவுக்கு என்ன ஆகும்னு நமக்குத்தான் நல்லாத் தெரியும். பாதி வழியில் ஏதாவது வயலில் இறங்கும். அங்கே பூனை இருக்கும், மேலே வல்லூறு இருக்கும். வாய்க்காலில் அன்னைக்கு அடிச்ச பூச்சிக்கொல்லி ஓடிக்கிட்டிருக்கும். வரப்பில் மருந்து கலந்த விதை சிந்திக் கிடக்கும். நஞ்சு கலந்த தானியம் புறாவைக் கொல்லும். நம்ம வயலில் இறங்கினா பிழைக்கும். ஆனா இறங்குற வயலை அது தேர்ந்தெடுக்க முடியாது. கிளம்பும்போதே தண்ணி நிறைவா இருந்தா இறங்கவே வேண்டியதில்ல.

தீனி: எப்போ, எவ்வளவு?

காலையில் ஏத்தி அன்னைக்கே விடுற கிட்டத்துப் பயிற்சிக்குக் காலைத் தீனி வேண்டாம். முந்தின நாள் சாயந்தரம் போட்டது போதும். இரைப்பை நிறைஞ்ச புறா வண்டிக் குலுக்கலில் கக்கும். நிறைஞ்ச இரைப்பையோட ஏறிப் பறக்கிறதும் சிரமம்.

சாயந்தரம் கூடையில் ஏறி மறுநாள் காலையில் பறக்கப்போற புறாவுக்கு, ஏத்துறதுக்கு மூணு நாலு மணி நேரத்துக்கு முன்னாடி தீனி போட்டுத் தண்ணி காட்டணும். அன்னைக்குக் கம்பு, சோளம், மக்காச்சோளம் கூடவும் பயறு குறைவாவும் இருக்கட்டும். பயறில் புரதம் அதிகம். அதைச் செரிச்சுக் கழிவை வெளியேத்த உடம்புக்குத் தண்ணி கூடுதலா வேணும்.

இரண்டு, மூணு நாள் பயணம்னா வழியில் தீனி போட்டுத்தான் ஆகணும். அதுக்கு ஒரே ஒரு சட்டம்: தண்ணி காட்ட முடியாத இடத்தில் தீனி போடாதீங்க. காய்ஞ்ச தானியம் இரைப்பையில் ஊறணும். குடிக்கத் தண்ணி இல்லன்னா, உடம்பில் இருக்கிற ஈரத்தை அது இழுத்துக்கும். பசியோட இருக்கிற புறா ஒரு நாள் தாங்கும். தாகத்தோட இருக்கிற புறா வெயிலில் ஒரு பகல்கூடத் தாங்காது.

தானியம் எங்கே வாங்கினதா இருந்தாலும் மோந்து பாருங்க. மக்கு வாடை அடிச்சா பயணத்துக்கு மட்டும் இல்ல, எப்பவுமே போடாதீங்க.

யாரை ஏத்தக் கூடாது?

பிடிக்கும்போதே பாதி தெரிஞ்சுடும். பொழுது சாய்ஞ்ச பிறகு, விளக்கைக் குறைச்சுக்கிட்டுப் பிடிங்க. துரத்திப் பிடிச்ச புறா பயணத்துக்கு முன்னாடியே களைச்சுப்போகும். காலை இரண்டு விரலுக்கு நடுவில் வச்சு, பெருவிரலால் சிறகைச் சேர்த்து, மார்பை மறு கையால் தாங்குங்க.

கண்ணில் ஈரம், மூக்கின் மேல் இருக்கிற வெள்ளைச் சதையில் அழுக்கு, வாய்க்குள் மஞ்சள் படலம், தண்ணியாப் போற பச்சை எச்சம், மெலிஞ்ச மார்பு — இதில் ஒன்னு இருந்தாலும் ஏத்தாதீங்க. நல்ல புறாவின் எச்சம் சின்ன உருண்டையா, மேலே வெள்ளைத் தொப்பி வச்சிருக்கும். முட்டை போடப்போற பெட்டையையும், பச்சைக்குஞ்சுக்குப் பால் கக்கி ஊட்டிக்கிட்டிருக்கிறதையும், பறக்கும் இறகு மொத்தமா உதிர்ந்து முளைச்சுக்கிட்டிருக்கிறதையும் விட்டுடுங்க. ஒரு வாரம் போனா அடுத்த வாரம் பந்தயம் வரும். போன புறா வராது.

வண்டி

இரவில் ஓட்டுங்க. விடியும்போது சேர்ற மாதிரி கிளம்புங்க. விஜயவாடாப் பக்கம் மார்ச் மாசத்திலேயே பகல் வெயில் 35 டிகிரியைத் தொடும்.

கூடை வரிசைகளுக்கு நடுவில் ஒரு கை நுழையிற இடம் விடுங்க. சுவரோட ஒட்டி அடுக்காதீங்க. நடு வரிசையும் மேல் வரிசையும்தான் முதலில் சூடாகும். நிறுத்தும்போதெல்லாம் கையை உள்ளே விட்டுப் பாருங்க. உங்க கைக்குப் புழுக்கமா இருந்தா புறாவுக்கு அது தாங்காது.

தார்ப்பாயை மழைக்கு மட்டும் இறக்குங்க. பக்கவாட்டைச் சுருட்டிக் கட்டுங்க. ஆனா முன்பக்கக் காத்து நேரா அறையக் கூடாது. முன்வரிசைக்கு ஒரு சாக்கு மறைப்பு போதும். புகைக்குழாய்ப் பக்கம் கூடை வைக்காதீங்க. காரின் டிக்கியில் வச்சு மூடறதும், பைக்கில் எஞ்சின் சூடு படும்படி கட்டறதும் வேண்டவே வேண்டாம்.

இருட்டில் போனா வழி தெரியாம போயிடுமோன்னு சிலர் கவலைப்படுறாங்க. அனுபவப்பட்ட புறா போன வழியைப் பார்த்து வச்சுக்கிட்டுத் திரும்புறதில்ல. சூரியனின் நிலை, பூமியின் காந்தப்புலம், காத்தில் வர்ற வாசனை இதெல்லாம் அதுக்கு உதவுதுன்னு ஆய்வாளர்கள் கண்டிருக்காங்க. அதனால் இருட்டு தப்பில்ல, அமைதிதான். காத்துதான் அடைபடக் கூடாது.

வண்டியோட புறா தெரிஞ்ச ஒரு ஆள் கட்டாயம் போகணும். ஐரோப்பாவில் பெல்ஜியம், நெதர்லாந்துப் புறாக்களை ஸ்பெயினின் பார்சிலோனா வரை லாரியில் கொண்டுபோய் விடுறாங்க. திரும்பிப் பறக்கிற தூரம் சுமார் 1000 கி.மீ. அந்த லாரியோட, பறவைகளைப் பார்த்துக்கிறதுக்குன்னே ஆள் போறது அங்கே வழக்கம். டிரைவர் சாலையைப் பார்ப்பார். புறாவை யார் பார்ப்பாங்க? 12 மணி நேரத்துக்குக் குறையாத பயணம்னா வளர்ப்புப் பறவைகளுக்குத் தீனியும் தண்ணியும் கிடைக்கணும்னு ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005 விதி சொல்லுது. நம்ம வெயிலுக்கு 12 மணி நேரம் ரொம்ப நீளம். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்திப் பாருங்க.

கூடை ஒரு பொதுக் கிணறு

பல வீட்டுப் புறாக்கள் ஒரே கூடையில் ஏறி ஒரே தொட்டியில் குடிக்குது. ஒரு புறாவுக்கு வாய்ப்புண் நோய் இருந்தா, அந்தக் கிருமி தண்ணி வழியா மத்ததுக்குப் போகும். வெள்ளைக் கழிச்சல், மூச்சு நோய், ரத்தக் கழிச்சல் எல்லாம் இப்படித்தான் ஊர் சுத்தும். அம்மையைக் கொசு பரப்பும், அதனால் இரவில் நிறுத்துற இடம் சாக்கடை ஓரமா இருக்கக் கூடாது.

கோழி வளர்க்கிற நண்பர்கள் இதைக் கோடு போட்டு வச்சுக்குங்க. புறாவுக்குக் கழுத்து திருகிப்போற ஒரு நோய் உண்டு. தலை முறுக்கிக்கும், கொத்தினா தானியம் தப்பிப்போகும், எச்சம் தண்ணியாப் போகும். அதை உண்டாக்குற கிருமி, கோழியின் ராணிக்கெட் கிருமிக்கு நெருங்கிய சொந்தம். அதே குடும்பத்தின் புறா வகைன்னே சொல்லலாம். புறாவிலிருந்து கோழிக்கும் வரும். பந்தயத்துக்குப் போய்ட்டு வந்த ஒரு புறா, கொல்லையில் மேய்ற ஐம்பது நாட்டுக்கோழிக்கு எமனாகலாம்.

அதனால் புறாக்கூண்டும் கோழிக்கூடாரமும் தள்ளி இருக்கணும். தண்ணிச் சட்டி வேற, தீனித் தட்டு வேற, துடைப்பமும் வேற. இரண்டுக்கும் போறவர் முதலில் கோழியைப் பார்த்துட்டுப் பிறகு புறாக்கிட்ட போகட்டும். இந்த நோய்க்குக் கைவைத்தியத்தில் தீர்வு கிடையாது. தடுப்பூசிதான் காப்பு. பந்தயக் காலத்துக்குச் சில வாரம் முன்னாடியே கால்நடை மருத்துவரைக் கேட்டு, புறாவுக்கும் கோழிக்கும் போட்டுடுங்க.

இன்னொரு பக்கம், எதுக்கும் ஒரு ஆன்டிபயாட்டிக்குன்னு ஏத்துறதுக்கு முந்தின நாள் தண்ணியில் கலக்கிறவங்க உண்டு. நோய் இல்லாத உடம்புக்கு மருந்து கொடுத்தா கிருமிதான் மருந்துக்குப் பழகும். குடலில் இருக்கிற நல்ல நுண்ணுயிரும் போகும். மண்ணில் நாம எதைச் செய்யக் கூடாதுன்னு படிச்சோமோ, அதேதான் வயித்துக்கும்.

பயணம் முடிஞ்சதும் வைக்கோலை எடுத்துக் குழியில் போட்டு மக்கவிடுங்க. கோழி கிளறுற இடத்தில் கொட்டாதீங்க. கூடையைச் சோப்புத் தண்ணியில் தேய்ச்சுக் கழுவி, இரண்டு நாள் நல்ல வெயிலில் கவிழ்த்துக் காயவிடுங்க. வழிக்கும்போது மூக்கில் துணி கட்டிக்குங்க. புறாத் தூசி வருஷக்கணக்கில் மூச்சில் போனா மனுஷன் நுரையீரலைக் கெடுக்கும்.

விடும் இடத்தில்

போய்ச் சேர்ந்ததும் திறந்துடாதீங்க. நிழலில் நிறுத்தி, பக்கவாட்டைத் திறந்து காத்து விடுங்க. தொட்டியைக் கழுவிப் புதுத் தண்ணி ஊத்துங்க. ஒரு மணி நேரமாவது குடிச்சு, இறகு கோதி, வெளிச்சம் பார்த்து அமைதியாகட்டும். மழை, மூடுபனி, புகை மூட்டம் இருந்தா காத்திருங்க. எதிர்காத்து பலமா அடிச்சா அன்னைக்கு விடாமலே இருக்கிறதும் ஒரு முடிவுதான். மின்கம்பி இல்லாத திறந்த மைதானமாப் பாருங்க.

வாயைத் திறந்துக்கிட்டே இருக்கிறது, சிறகு தொங்கிறது, கண் மூடி மூலையில் நிக்கிறது — இப்படி ஏதாவது தெரிஞ்சா அந்தப் புறாவை மட்டும் விடாதீங்க. வண்டியிலேயே திருப்பிக் கொண்டுவாங்க. பரிசு போகும், புறா இருக்கும்.

வீடு வந்ததும்

முதலில் தண்ணி. அரை மணி நேரம் கழிச்சுக் கொஞ்சம் கம்பு, சோளம். பயறை அடுத்த வேளைக்கு வைங்க. மறுநாள் குளிக்க அகலமான தட்டில் தண்ணி வைங்க. இரண்டு நாள் பறக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். எச்சத்தைத் தினமும் பாருங்க. ஒரு வாரத்துக்குள் சோர்ந்து உட்கார்ந்தா உடனே தனியாப் பிரிச்சு மருத்துவரிடம் காட்டுங்க.

வழிதவறிய புறா உங்க கொல்லையில் இறங்கினா

பந்தயக் காலத்தில் இது எந்த உழவர் வீட்டிலும் நடக்கும். காலில் வளையத்தோட ஒரு புறா, மனுஷனைக் கண்டும் பறக்காம திண்ணையில் உட்காரும். சட்டியில் ஓரங்குல ஆழத்துக்குத் தண்ணி வைங்க. குடிச்ச பிறகு ஒரு பிடி கம்பு. கோழிகளிடமிருந்து தள்ளி, காத்தோட்டமுள்ள பெட்டியில் ஒரு நாள், இரண்டு நாள் வைங்க. வளையத்தில் சங்க எழுத்து, பிறந்த ஆண்டு, எண் இருக்கும். குறிச்சு வச்சு, ஊரில் புறா வளர்க்கிற பிள்ளைகளிடம் சொன்னா உரியவருக்குச் சேதி போயிடும். தேறின பிறகு ஒரு தெளிவான காலையில் பறக்கவிட்டா பெரும்பாலும் தானே வீடு தேடிப் போகும்.

கோழிக்கும் இதே கணக்குதான்

இவ்வளவும் படிச்சுட்டு, அடுத்த சந்தை நாளில் பைக் ஹேண்டிலில் கோழியைத் தலைகீழாத் தொங்கவிடலாமா? கோழிக்கும் வேர்க்காது. அதுக்கும் மூச்சும் தண்ணியும்தான் குளிர்ச்சி. தேவையில்லாத வேதனை தர்ற மாதிரி ஒரு உயிரைக் கொண்டுபோறதும், அசைய இடமில்லாம அடைக்கிறதும் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்க, எடையைப் பாருங்க. வெயிலில் வாடின கோழி சந்தைத் தராசில் குறைஞ்சுதான் நிக்கும். அதிகாலைப் பயணம், காத்தோட்டமான கூடை, தாராளமான இடம், ஏத்துமுன் தண்ணி, இறங்கினதும் தண்ணி. ஒரு செலவும் இல்ல.

கூடையை மூடுறதுக்கு முன்னாடி இந்த ஐந்தையும் வாய்விட்டுக் கேட்டுக்குங்க:

1. எல்லாம் ஒரே நேரத்தில் உட்கார இடம் இருக்கா?
2. நாலு பக்கமும் காத்து வருதா?
3. ஓரங்குல ஆழத் தண்ணி இருக்கா, குடிக்கத் தெரியுமா?
4. வண்டி நிக்கப்போற இடத்தில் நிழல் இருக்கா?
5. கூட ஒரு ஆள் போறாரா?

ஐந்துக்கும் ஆமான்னா மூடுங்க. ஒன்னுக்கு இல்லைன்னாலும் அன்னைக்கு அந்தக் கூடை வீட்டிலேயே இருக்கட்டும்.